ஒப்பந்தங்களை நெருப்பு அறியாது

திருகோணமலைச் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் யாருக்கு உரியன என்பது பற்றி எழுதப்பட்ட தாள்களை அடுக்கினால் அவையே ஒரு தாங்கியை நிரப்பிவிடும். 2022 ஜனவரியில் பங்கீடும் முடிந்தது: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் கூடி நடத்தும் கம்பனிக்கு 61. பங்கு பிரித்தவர்களிடம் நாம் ஒன்றே கேட்கின்றோம்: தீப்பற்றினால் அந்த நெருப்பு யாருடைய பங்கு?

வீண் அச்சம் என்பர் சிலர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானமொன்று மோதியதில் இங்கே ஒரு தாங்கி பற்றியெரிந்தது. ஏழு நாட்கள் எரிந்தது என்பர். அது போர்க்காலம் என்று தட்டிக்கழிப்போருக்கு நாம் ஜெய்ப்பூரை நினைவூட்டுகின்றோம். 2009 ஒக்ரோபர் 29 அன்று அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. இந்தியன் ஒயில் களஞ்சியத்தில் கசிந்த பெற்றோல் ஆவியாகிப் பரந்து வெடித்தது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீ பல நாட்கள் எரிந்தது.

"தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் உள" என்னும் விடை போதாது. கடைகளிலும் காரியாலயங்களிலும் கூரையில் தொங்கும் தெளிப்பான், பெரும்பாலும் 68 பாகை வெப்பத்தில் தன் கண்ணாடிக் குமிழ் உடைந்து, ஒவ்வொன்றாகத் திறப்பது. எண்ணெய்த் தீ அவ்வளவு பொறுமையுடையதன்று. அங்கே தீயை உணர்ந்ததும் எல்லா வாய்களும் ஒருங்கே பொழிதல் வேண்டும். பொழிவதும் வெறும் நீராயின் பயனில்லை; எண்ணெய் நீர்மேல் மிதந்து தீயைச் சுமந்தோடும். நுரையே அதனை மூடிக் காற்றை மறிக்கும். அண்டைத் தாங்கிகளின் சுவர்களைக் குளிர்விப்பதே நீரின் வேலை.

இவற்றுக்குச் செலவு உண்டு. இலாபக் கணக்கில் வரவாகத் தோன்றாத செலவு. ஆதலால் வெட்டுவதற்கு எளிதான செலவு. வெட்டுபவர் கொழும்பிலோ டில்லியிலோ இருப்பார். வால்வைத் திருகும் தொழிலாளியும், குடாவில் வலைவீசும் மீனவனும், அவன் பிள்ளைகளும் இங்கேயே இருப்பர். அவர்கள் தமிழரா, முஸ்லிம்களா, சிங்களவரா என்று நெருப்பு விசாரிப்பதில்லை.

ஆகவே நாம் கோருகின்றோம்: நுரை எவ்வளவு இருக்கின்றது, நீர் எங்கிருந்து வரும், மின்சாரம் அற்றால் பம்பிகளை இயக்குவது எது, மக்கள் வெளியேறும் வழி எது என்பன தமிழிலும் சிங்களத்திலும் ஊரறிய அறிவிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்களின் கண்முன் ஆண்டுதோறும் ஒத்திகை நடைபெற வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கேள்விகளை உரத்துக் கேட்கட்டும். விடை வரும்வரை புதிதாக ஒரு தாங்கிகூட நிரப்பப்படலாகாது.