வயசு என்கிற சஸ்பென்ஸ் கணக்கு

பி.காம். படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். டிரையல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால், தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இடிக்கிற தொகையைத் தூக்கி ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒன்றில் போட்டு வைப்போம். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை தற்காலிக ஏற்பாடு. சோம்பேறிக் கணக்குப்பிள்ளை அதையே நிரந்தரம் ஆக்கிவிடுவார்.

நாற்பதைத் தாண்டிய நம் ஆட்கள் தங்கள் உடம்புக்கு எழுதும் கணக்கும் இதே லட்சணம்தான். பேக்ஹேண்ட் வரவில்லையா? வயசு. சர்வீஸ் வலையில் அடிக்கிறதா? வயசு. வயசு என்று எழுதிவிட்டால் எல்லாம் டேலி. ஆடிட்டர் வந்து கேட்கப் போவதில்லை என்ற தைரியம்.

பெருந்துறைப் பக்கம் ஏதாவது ஒரு ஷட்டில் கோர்ட்டுக்குக் காலை 6 மணிக்குப் போய்ப் பாருங்கள். தகரக் கூரை, பச்சை விரிப்பு, வெளியே வரிசையாகக் கார்கள். சிப்காட்டில் கம்பெனி வைத்திருப்பவர், கொப்பரை வியாபாரி, பேங்க் மேனேஜர், காலேஜ் வாத்தியார் என்று நாலு பேர் டபுள்ஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கேளுங்கள். “வயசாயிப் போச்சுங்ணா, இனி நம்மளுக்கு எங்கீங்க வரும்? ஏதோ வேர்வை வந்தாச் சரி” என்பார்கள்.

வேர்வை போதும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே ஆள் அடுத்த மாதம் 15,000 ரூபாய்க்குப் புது ராக்கெட் வாங்கி வருகிறாரே, அது எதற்கு? ஆட்டம் முன்னேற வேண்டும் என்ற ஆசை மனசில் இருக்கிறது. அதற்காக உழைக்கத்தான் மனசில்லை. பத்து வருஷமாக தினமும் ஆடுகிறவர், பேக்ஹேண்டை மட்டும் பத்து நிமிஷம் தனியாகப் பழகிப் பார்த்திருப்பாரா? ஆடுவது வேறு, பழகுவது வேறு. ஆடும்போது தெரிந்த ஷாட்டைத்தான் அடிப்போம். தோற்க யாருக்குப் பிடிக்கும்?

சரி, நிஜமாகவே வயதான அமெச்சூர் முன்னேற முடியுமா? இதற்கு ஷட்டிலிடம் பதில் இல்லை. அங்கே யாரும் கணக்கு வைப்பதில்லை. கணக்கு வைக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. கோல்ஃப். “அது பணக்காரங்க விளையாட்டாச்சே” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கோயமுத்தூரில் ஒரு மைதானம் இருக்கிறது, ஊட்டியில் வெள்ளைக்காரன் காலத்து மைதானம் இருக்கிறது. நீங்கள் போய் ஆட வேண்டாம், அவர்கள் கணக்கு வைக்கும் விதத்தைப் பார்த்தால் போதும்.

கோல்ஃபில் தொழில்முறை ஆட்டக்காரராக இல்லாத சாமானியருக்கும் ‘ஹேண்டிகேப்’ என்று ஒரு எண் உண்டு. 2020ல் உலகத்துக்கே பொதுவாகக் கொண்டுவந்த முறைப்படி, நீங்கள் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியை வைத்து இந்த எண்ணைப் போடுகிறார்கள். மைதானம் கடினமா, சுலபமா என்பதற்கும் கழிவு உண்டு. எண் குறைந்தால் முன்னேற்றம். ‘நல்லாத்தான் ஆடறேன்’, ‘முன்ன மாதிரி இல்லை’ என்ற கதையெல்லாம் இதனிடம் செல்லாது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். வழக்கமாக 18 குழிகளுக்கும் சேர்த்து 72 அடி. இதில் குழிக்கு 2 வீதம் 36 அடி, ‘பட்டிங்’ என்ற உருட்டல் தட்டலுக்கு என்றே ஒதுக்கியது. வழுவழுவென்று வெட்டிய புல்லில் பந்தைக் குழிக்குள் மெதுவாகத் தட்டிவிடுவது. இதற்குப் புஜபலம் வேண்டாம். ஐம்பது வயதுக்காரர் பழகினால் இருபது வயதுக்காரருக்குச் சமமாகச் செய்யலாம். ஆனால் கோல்ஃப்காரர்களும் நம் ஷட்டில்காரர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. தூரம் போகவில்லையே என்று அரை லட்சம் கொடுத்துப் புது டிரைவர் மட்டை வாங்குவார்கள். பாதிக் கணக்கு பட்டிங்கில் இருக்கும்போது!

2009ல் பிரிட்டிஷ் ஓப்பன். டாம் வாட்சனுக்கு வயது 59. முந்தைய அக்டோபரில்தான் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கடைசிக் குழியை வழக்கமான 4 அடியில் முடித்திருந்தால் கோப்பை அவருக்கு. 5 அடி ஆனது. பிறகு பிளே-ஆஃபில் தோற்றார். ‘அவர் பிறவி ஜீனியஸ், புரொஃபஷனல், நமக்கு ஏன் அந்தக் கதை’ என்பீர்கள். நியாயம்.

அப்படியானால் ஃபௌஜா சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாப் கிராமத்து விவசாயி. முதுமையில் இங்கிலாந்தில் குடியேறிய பிறகு, மாரத்தான் ஓடத் தொடங்கியபோது அவருக்கு 89 வயது. 2000ல் லண்டனில் எடுத்துக்கொண்டது 6 மணி 54 நிமிடம். 2003ல் டொரண்டோவில் 5 மணி 40 நிமிடம். மூன்று வயது கூடியிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருக்கிறது! பர்த் சர்டிபிகேட் இல்லை என்று கின்னஸ்காரர்கள் அவர் வயதை ஏற்கவில்லை. (1911ல் பஞ்சாப் கிராமத்தில் பர்த் சர்டிபிகேட்டுக்கு எங்கே போவது?) போகட்டும், வயதில் பத்தைக் கழித்துவிடுங்கள். அப்போதும் நேரம் குறைந்தது குறைந்ததுதானே?

முன்பே ஓடியிருந்தால் அவர் இன்னும் வேகமாக ஓடியிருப்பார் என்று வாதம் செய்யலாம். செய்யுங்கள். நான் சொல்வதும் அதுதான். நாற்பது வயதில் நம்மில் யார் தன் உச்சத்தைத் தொட்டுவிட்டோம், அதிலிருந்து இறங்குவதற்கு? உச்சம் தொட்ட சாம்பியனுக்கு வயது எதிரி. அடிவாரத்தில் நிற்கிறவனுக்கு ஏறுவதற்கு இடம் எக்கச்சக்கம்.

உடம்பு தேயவே தேயாது என்று சாதிக்க வரவில்லை. தசை குறைகிறது, பார்வை மங்குகிறது, பட்ட அடி ஆற நாளாகிறது. நடுவயதுக்காரர் கோர்ட்டிலேயே சுருண்டு விழுந்தார் என்ற செய்திகளும் வரத்தான் செய்கின்றன. வாரம் ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருபத்தைந்து வயசுப் பையனாகத் துள்ளினால் இதயம் என்ன செய்யும்? டாக்டரைப் பாருங்கள். உடம்பைச் சூடுபடுத்திவிட்டு இறங்குங்கள்.

பழகுவதிலும் வெறி கூடாது. டான் மெக்லாக்லின் என்ற அமெரிக்கர் 2010ல், 30 வயதில் வேலையை உதறிவிட்டு, 10,000 மணி நேரம் பழகுவேன் என்று கோல்ஃபில் இறங்கினார். அதற்குமுன் ஆடியதே இல்லை. ஹேண்டிகேப் 2.6 வரை வந்தார். அசாத்தியம். ஆனால் முதுகு போனது, 2015ல் நிறுத்திவிட்டார். இளைஞருக்கே அதுதான் கதி என்றால் நமக்கு அளவு தெரிய வேண்டாமா?

பெண்கள் விஷயத்தில் வயசு இன்னும் பத்து வருஷம் முன்னாலேயே வந்துவிடுகிறது. முப்பத்தைந்து வயது அம்மா சைக்கிள் பழகினால் தெருவே சிரிக்கிறது. அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே விளையாட்டு வாக்கிங். கோவை நானம்மாள் பாட்டி 90 வயதைத் தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்தார். 2018ல் பத்மஸ்ரீ வாங்கினார், அடுத்த வருஷம் 99 வயதில் இறந்தார். பாராட்டிப் பேஸ்புக்கில் போட்ட எத்தனை வீடுகளில், மருமகளுக்குக் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்?

பிள்ளைகளுக்கு மட்டும் எல்லாம் உண்டு. சாயங்காலம் ஷட்டில் கோச்சிங், ஃபீஸ், ஷூ, டி-ஷர்ட். பையன் மூலையில் நின்று நூறு தடவை ஒரே பேக்ஹேண்டை அடித்துப் பழகுகிறான். கோச் விரட்டுகிறார். அப்பா அந்த ஒரு மணி நேரமும் வெளியே காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு செல்போன் பார்க்கிறார். டிக்கியில் அவருடைய 15,000 ரூபாய் ராக்கெட் இருக்கிறது. பக்கத்துக் கோர்ட் காலி.