பெட்டிக் காசு நட்டஈடு ஆகாது

மலையில் குளவி கொட்டி ஒரு பெண் இறந்துபோனால் அதன்பின் நடப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்கும் பந்தலுக்கும் தோட்டத்தில் காசு கொடுப்பார்கள். கருமாதி முடியுமுன் புருஷனை ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். ஒரு கடுதாசி நீட்டப்படும், அவனுக்குப் புரியாத பாஷையில். "துரை பெரிய மனசு பண்ணியிருக்கிறார், கையெழுத்துப் போடு" என்பார் கிளாக்கர். போட்டுவிட்டு வருவான். அழுது களைத்தவன் வேறு என்ன செய்வான்?

அப்படியொரு கடுதாசியோடு அண்மையில் ஒரு குடும்பம் எமது காரியாலயத்துக்கு வந்தது. இனிமேல் எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று அதில் எழுதியிருந்தது. பார்த்ததும் எமக்குக் கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. இந்தப் பெட்டிக் காசை வாங்கிக் கொடுத்துவிட்டு அதையே வெற்றி என்று சொன்ன தலைவர்மார் எமது வரிசையிலும் இருந்திருக்கிறார்கள்.

துரையின் பெரிய மனசுக்கும் நட்டஈட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் தொண்ணூறு வருடங்களாக இருக்கிறது. வேலையினால், வேலை நேரத்தில் விபத்து நடந்தால் முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும். அவர் பக்கம் பிழை இருந்ததா என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. மரணம் என்றால் அந்தக் காசு நட்டஈட்டு ஆணையாளர் ஊடாகவே குடும்பத்துக்கு வரவேண்டும். ஆணையாளருக்குத் தெரியாமல் ஆபீஸ் மேசையில் வாங்கிய கையெழுத்து அந்த உரிமையை அழித்துவிடாது. இதைத் தோட்ட நிர்வாகங்கள் அறியாதவை அல்ல.

இரண்டாவது வழி மாவட்ட நீதிமன்றம். எமது நாட்டில் தீங்கு வழக்குகளுக்கு அடிப்படையாக இருப்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-ஒல்லாந்துச் சட்டம். அங்கே முதலாளியின் கவனயீனத்தைக் காட்ட வேண்டும். குளவிக்கூடு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியும் அதே மலைக்கு ஆட்களை ஏற்றினார்களா? அதுதான் கவனயீனம். ஆனால் கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொன்னது நீதிமன்றத்தில் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். "அவள்தான் பார்க்காமல் போனாள்" என்பது அவர்களுடைய வழக்கமான பதில். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பதிலால் வழக்கு விழாது. இரு பக்கமும் பிழை இருந்தால் அதன் அளவுக்கு ஏற்பத் தொகை குறையும், அவ்வளவுதான்.

இரண்டு வழியிலும் ஒரே விபத்துக்குக் காசு எடுக்க முடியாது. ஒன்றைத்தான் தெரிந்தெடுக்கலாம். தீங்கு வழக்குக்கு இரண்டு வருடம்தான் தவணை. ஆகவே முதல் கடுதாசியில் கைவைக்குமுன் சங்கத்துக்கு வாருங்கள்.

இனி எமது உண்மையான சண்டைக்கு வருவோம். நட்டஈட்டின் தத்துவம் கேட்க அழகானது: தீங்கு நடக்காதிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, காசினால் முடிந்தவரை அந்த நிலையில் அவரை வைக்க வேண்டும். நியாயம்தானே? ஆனால் அந்த நிலையை எதைக் கொண்டு அளக்கிறார்கள்? சம்பளத்தைக் கொண்டு. 2019 கூட்டு ஒப்பந்தத்தில் எமது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 2021 மார்ச்சில் மொத்த நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அதே பெண், அதே மலை, அதே கூடை. 2020இல் அவள் கை போயிருந்தால் ஒரு விலை, 2021இல் போயிருந்தால் வேறு விலை. உயிரோடிருக்கும்போது குறைந்த சம்பளம் கொடுத்து லாபம் பார்த்தவர்கள், செத்தபிறகு அதே குறைந்த சம்பளத்தைக் காட்டி இன்னொரு தடவை லாபம் பார்க்கிறார்கள்.

சம்பளச் சீட்டில் இல்லாத நட்டத்தை யார் கணக்கிடுவது? ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குப் பறித்த கொழுந்து, லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறித் தோட்டம், வளர்த்த மாடு, விடியற்காலை நாலு மணிக்கு மூட்டிய அடுப்பு. தோட்டத்தில் பேர் இல்லாவிட்டால் அந்தக் காம்பராவே கையில் நிற்குமோ என்ற பயம். இவையெல்லாம் காசு பெறுமதியான நட்டங்கள். வழக்குப் பத்திரத்தில் எழுதாதவரை எந்த நீதிபதியும் தானாகக் கேட்கமாட்டார். எமது சட்டத்தரணிமாரும் இதை மறந்துவிடுகிறார்கள்; நாங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

துக்கத்துக்கு நெடுங்காலம் விலையே இருக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்குப் பண நட்டம் இல்லையென்றால் துயரத்துக்கென்று ஒன்றும் கிடையாது என்பதே உரோம-ஒல்லாந்துச் சட்டம் என 1990இலும் 2001இலும் உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு பாராளுமன்றம் 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இப்போது பராமரிப்பையும் உறவின் துணையையும் இழந்ததற்காகக் கணவனோ மனைவியோ, பெற்றோரோ பிள்ளைகளோ வழக்காடலாம். இந்தச் சட்டத்தைப் பற்றி எத்தனை லயத்தில் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

ஒப்பந்தம் மீறப்பட்டால் கணக்கு வேறு. 1854இல் இங்கிலாந்தில் ஒரு ஆலைக்காரன், உடைந்த தண்டைக் கொண்டுபோன வண்டிக்காரன் தாமதித்ததால் ஆலை நின்ற நட்டத்தைக் கேட்டான். ஆலை நின்றுபோகும் என்று வண்டிக்காரனுக்குத் தெரியாது, ஆகவே கிடையாது என்றது நீதிமன்றம். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஓய்வு பெற்றவருக்குச் சேவைக்காலப் பணம் தாமதமானால், தாமதத்துக்கு ஏற்ப 10 முதல் 30 வீதம் வரை மேலதிகத் தொகை கட்ட வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். வேறு எந்த வாக்குறுதியானாலும், அது மீறப்பட்டால் உங்களுக்கு என்ன நட்டம் வரும் என்பதை முன்கூட்டியே ஆபீசுக்கு எழுத்தில் கொடுத்து வையுங்கள். அடகு வைத்த நகை மூழ்கிப் போனதைப் பிறகு சொன்னால், "எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள்.

அந்தக் குடும்பத்தின் கடுதாசி இப்போது எமது கோப்பில் இருக்கிறது. இரண்டு வருடத் தவணை முடிய இன்னும் காலம் உண்டு. அதே மலையில் அன்று கொழுந்து பறித்தவர்கள், கூடு இருப்பதைச் சொன்னோம் என்று சாட்சி சொல்லப் பயப்படுகிறார்கள். பேர் வெட்டப்படும் என்ற பயம். அவர்களில் இருவர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். மற்றவர்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் போய்ச் சந்திக்கிறோம்.