பட்டம் மட்டும் போதாது

உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்றாலே ஆலோசகராகிவிடலாம் என்ற நம்பிக்கையைக் கல்லூரிகள் முதலாண்டிலேயே களைய வேண்டும். மருத்துவ உளவியலாளராக, இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற மேற்படிப்பும் பதிவும் தேவை. தொலைநிலையில் உளவியல் கற்பிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் நிறுத்தச் சொன்னதும் நேரடிப் பயிற்சியின் அவசியத்தையே உணர்த்துகிறது. தேவைக்கோ குறைவில்லை: நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநலப் பாதிப்புள்ளோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை.

கோவில்பட்டி போன்ற ஊரில் வேலை எங்கே என்று கேட்கலாம். பணியிடங்கள் குறைவு என்பது உண்மையே. ஆனால் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளரும் மழையை நம்பிய கரிசல் விவசாயியும் மனநலச் சேவைக்காகப் பெருநகரம் போக முடியாது. மாவட்ட மனநலத் திட்டம், பள்ளிகள், 14416 டெலி மானஸ் உதவி எண் ஆகியவை பயிற்சி பெற்றவர்களுக்கான களங்கள். வேலைப் பயிற்சி பாட ஆழத்தைக் குறைக்கும் என்ற அச்சமும் பொருந்தாது. நோயாளியின் பேச்சைக் கேட்டறிவதே இத்துறையின் ஆழம். எனவே இறுதியாண்டில், மூத்தவர் மேற்பார்வையில் அரசு மருத்துவமனைப் பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். அரசு பணியிடங்களைப் பெருக்கட்டும்.