தலைவலிக்கும் ஒரு நோட்டுப் போடுங்க

நம்ம இயக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு என்ன நோய் வந்தாலும் அதைப் பூச்சிக்கொல்லிக் கணக்கில் பற்று எழுதிவிடுவோம். 'நஞ்சில்லாம சாப்பிடுறவனுக்கு நோயே வராது' என்பது இன்னொரு பேச்சு. இரண்டுமே ஆபத்து என்பது என் கருத்து.

என் தலைவலியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்வையின் ஓரத்தில் ஒரு மினுமினுப்பு. அது கருக்கரிவாள் விளிம்பு மாதிரி பல் பல்லாக வளைந்து விரியும். எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். இருபது நிமிடத்தில் அது மறையும். ஒரு பக்கத் தலைவலியும் குமட்டலும் தொடங்கும். "பக்கத்துப் பருத்திக்காட்டுல மருந்தடிக்கிறாங்கள்ல, அதான் சார்" என்றார்கள் நண்பர்கள். மூளையில் கட்டியோ என்று வீட்டில் பயம்.

வவுச்சர் இல்லாமல் பதிவு கூடாது என்பது வங்கிப் பாடம். ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், கண்ணில் தெரிந்தது, எத்தனை நிமிடம், தூக்கம், சாப்பாடு, அன்று பக்கத்துக் காட்டில் மருந்தடித்தார்களா என எல்லாம் எழுதினேன். மூன்று மாதத்தில் 7 முறை வந்தது. மருந்தடித்த நாளில் வந்தது 1. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வெயிலில் நின்ற நாளில் வந்தது 5.

நரம்பியல் மருத்துவர் நோட்டைப் பார்த்தார், பரிசோதித்தார். "முதல்ல எப்ப வந்தது?" என்று கேட்டார். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே வந்ததுதான். பார்வை முன்னறிகுறியோடு வரும் மைக்ரேன் என்றார். நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், தண்ணீர் என்று சொல்லி, மாத்திரையும் எழுதித் தந்தார்.

அதற்காக நஞ்சு நல்லது என்று சொல்ல வரவில்லை. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு ஏறினாலும் தலைவலி வரும், பார்வை மங்கும். ஆனால் கூடவே கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வியர்த்துக் கொட்டும், எச்சில் ஒழுகும், வாந்தி வரும், தசை துடிக்கும். அங்கே நோட்டு எழுத நேரமில்லை. உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108ஐக் கூப்பிடணும். மருந்து டப்பாவையும் கூடவே கொண்டுபோகணும்.

இன்னும் சிலவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக இப்படி வருவது, இடி விழுந்த மாதிரி திடீர்த் தலைவலி, ஒரு கண் பார்வை போவது, பேச்சுக் குழறல், கைகால் ஒரு பக்கம் தளர்வது, கண் சிவந்து வலித்து விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவது. இதில் எது வந்தாலும் சுக்குப் பத்துப் போட்டுப் படுக்காதீங்க; அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நஞ்சுக்கு எதிரான நம் வழக்கு வலுவானது. அதில் ஆதாரமில்லாத பதிவுகளைச் சேர்த்தால், தணிக்கையில் முழுப் புத்தகமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதைவிட, காரணத்தைத் தவறாக எழுதினால் வைத்தியமும் தவறும். மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் போட வேண்டாம் என்கிறோமே, நம் உடம்புக்கும் அதே நியாயம்தானே?