வந்தேறி எனும் முத்திரை

மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடம் கோரும் மாணவர், தகுதித் தேர்வு வரையிலான நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தெலங்கானாவிலேயே படித்திருக்க வேண்டும் என்ற அம்மாநில அரசின் விதி செல்லும் என 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜனவரியில் அந்நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று கூறியிருந்தது. இந்தியக் குடிமகனுக்கு உரிய வாழ்விடம் ஒன்றே, அது இந்தியா என்பது அத்தீர்ப்பின் சாரம். படிப்பின் நிலையும் சட்டப் பின்னணியும் வேறு என்பதால் இரு தீர்ப்புகளும் மோதிக்கொள்ளவில்லை. ஆனால், இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு மண்ணுக்கு உரியவர் யார்?

இந்தக் கேள்வியை ஹைதராபாத் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகிறது. அரசுப் பணிகளை வெளியிலிருந்து வந்தவர்களே கைப்பற்றுகிறார்கள் என்ற குமுறலைத் தொடர்ந்து, 15 ஆண்டுகள் சமஸ்தானத்தில் வாழ்ந்தவரே 'முல்கி', அதாவது மண்ணின் மைந்தர் என்று 1919-ல் நிஜாம் ஆணையிட்டார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகும் குமுறல் அடங்கவில்லை. 1952-ல் முல்கி அல்லாதோரை எதிர்த்து மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 'இட்லி சாம்பாரே திரும்பிப் போ' என்பது அந்நாளில் எழுந்த முழக்கங்களில் ஒன்று. சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர் தமிழரா, தெலுங்கரா என்று அந்த முழக்கம் பிரித்துப் பார்க்கவில்லை.

தெலங்கானா மக்களின் மனக்குறையில் நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. 1956-ல் ஆந்திரத்துடன் இணைந்தபோது அளிக்கப்பட்ட வாக்குறுதிகள் காற்றில் பறந்ததே 1969-ம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு வித்திட்டது. முல்கி விதிகள் செல்லும் என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் கடலோர ஆந்திரம் கொதித்தெழுந்தது. 1973 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆறு அம்சத் திட்டமும், 32-வது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 371டி பிரிவும் அதன் விளைவுகள். அப்பிரிவின்கீழ் 1974-ல் பிறப்பிக்கப்பட்ட ஆணையே கல்விக்கான நான்காண்டு அளவுகோலைத் தந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளானாலும் நான்கு ஆண்டுகளானாலும் அது வசிப்பின் அளவு. வெளியிலிருந்து வந்தவர் அந்தக் காலத்தைக் கடந்தால் ஊர்க்காரர் ஆகிவிடலாம். குலத்தையும் பூர்விகத்தையும் அளவுகோலாக்கினால் அந்த வாசல் அடைபட்டுவிடும். தனி மாநிலம் அமைந்த 2014-ல் நடந்தது அதுதான். 1956 நவம்பர் 1-ம் தேதிக்கு முன்பே தெலங்கானாவில் வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளைகளுக்கே கல்விக் கட்டண உதவி என்று அம்மாநில அரசு அறிவித்தது. ஹைதராபாதில் பிறந்து, அங்கேயே படித்து, வேறு ஊரே அறியாத பிள்ளையிடம் பாட்டனாரின் முகவரி கேட்கப்பட்டது. நீதிமன்றத்தில் எதிர்ப்பைச் சந்தித்த பிறகு அத்திட்டம் கைவிடப்பட்டது.

அந்த அளவுகோல் எத்தனை பொருந்தாதது என்பதற்கு அந்நகரின் ஏ.எஸ்.ராவ் நகரே சான்று. 1967-ல் தொடங்கப்பட்ட இந்திய மின்னணுக் கழகத்தை (இசிஐஎல்) உருவாக்கிய விஞ்ஞானி ஏ.எஸ்.ராவின் பெயரைத் தாங்கிய பகுதி அது. அவர் பிறந்ததோ கோதாவரிக் கரை மாவட்டத்தில். 1956 என்ற கோட்டை வைத்து அளந்தால், அந்த வட்டாரத்துக்கே பெயர் தந்த மனிதர் வெளியூர்க்காரர் ஆகிவிடுவார். பொதுத்துறை நிறுவனத்தை நம்பி நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த குடும்பங்களால் வளர்ந்தது அப்பகுதி. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரிக்கும் இரண்டு நிறுவனங்களில் ஒன்று இசிஐஎல். அந்த இயந்திரம் வாக்காளரின் பூர்விகத்தைக் கேட்பதில்லை.

பூர்விகத்தைக் கேட்கும் சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948-ல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழிப் பாட்டனாரும் முப்பாட்டனாருமோ அத்தீவில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிய மலையகத் தமிழர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தபோது 9,75,000 பேரின் எதிர்காலம் தலைக்கணக்காகப் பங்கிடப்பட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்மீதும் 'இந்தியத் தமிழர்' என்ற முத்திரை ஒட்டிக்கொண்டதே அத்தனைக்கும் காரணம்.

இந்தியாவிலும் முகத்தைப் பார்த்தே அந்நியர் என்று முடிவு கட்டும் வழக்கம் இருக்கிறது. 2012 ஆகஸ்டில் பரவிய வதந்தியால் பெங்களூர், சென்னை, ஹைதராபாத், புணே நகரங்களிலிருந்து வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்கள். 2014 ஜனவரியில் தில்லி லாஜ்பத் நகரில் தாக்கப்பட்ட அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா உயிரிழந்தார். அதையடுத்து அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இன இழிசொல்லுக்கு எதிராகத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகளைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இனம், பிறப்பிடம், மொழி ஆகியவற்றின் அடிப்படையில் கும்பலாகச் செய்யப்படும் கொலைக்குக் கடும் தண்டனை உண்டு. இழிசொல்லுக்கான தனிப் பிரிவுகள் இடம்பெறவில்லை. கொலை நடந்த பிறகு விழித்துக்கொள்ளும் சட்டம், கொலைக்கு முதல் படியான இழிசொல்லைக் கண்டும் காணாமல் இருப்பது சரியல்ல.

தமிழகமும் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பரவிய காணொலிகள் பொய் என்பதைக் காவல்துறை தெளிவுபடுத்தியது. பிகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழுவும் நேரில் விசாரித்தது. வதந்தி பொய்தான். ஆனால், 'வடக்கன்' என்ற சொல்லை ஏளனத்துடன் உச்சரிக்கும் வழக்கம் பொய்யல்ல. 'மதராஸி' என்று அழைக்கப்பட்டபோது வலித்தவர்கள், திருப்பூரிலும் கோவையிலும் உழைக்க வருபவரை அப்படி அழைப்பது நியாயமாகாது.

உள்ளூர் மாணவருக்கும் வேலை தேடும் இளைஞருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்தப் பாதுகாப்பு, வாழ்ந்த ஆண்டுகளையும் படித்த ஆண்டுகளையும் மட்டுமே கணக்கில் கொள்ளட்டும். பரம்பரையைக் கேட்கும் எந்த விதிக்கும் மாநில அரசுகள் இடம் தரலாகாது. பெஸ்பரூவா குழுவின் பரிந்துரைகளை நாடாளுமன்றம் விவாதித்து முடிவெடுக்க வேண்டும். குடிமகன் யார் என்பதை வரையறுக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 5-வது பிரிவில் இனமும் இல்லை, மொழியும் இல்லை, மதமும் இல்லை. சட்டம் ஒட்டாத முத்திரையைச் சக குடிமகன்மீது ஒட்டும் உரிமை எவருக்கும் இல்லை.