தொடையில் தாளம் போடாமல் கேட்க வேண்டியவர்

சார்ங்கதேவர் 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் ஒன்று உண்டு. நம் கச்சேரி மேடைகளில் அவற்றில் பெரும்பாலானவை இன்று ஒலிப்பதில்லை. பாரிஸில் ஒலித்தன. லாவிஞாக் தொகுத்த பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்த அந்தப் பட்டியலை இளைஞர் ஒலிவியே மெஸ்ஸியான் (1908–1992) கண்டெடுத்தார். எந்த வித்வானிடமும் உட்கார்ந்து கற்கவில்லை. அச்சிட்ட பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் தன் இசையில் பயன்படுத்தினார்.

மெஸ்ஸியானை நம் வாசகர்கள் கேட்க வேண்டும் என்று இந்த இதழ் விரும்புகிறது. ஆனால் 'இந்தியத் தாளம்' என்ற நூலிழையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போகிறவர் ஏமாந்து திரும்புவார். நமக்குத் தாளம் என்பது திரும்பி வருவது. ஆவர்த்தனம் முடியும், சமம் வரும், கை அதை முன்கூட்டியே அறியும். மெஸ்ஸியானுக்கோ ராகவர்தனம், சிம்மவிக்ரமம் போன்ற தேசி தாளங்கள் நீளமும் குட்டையுமான கால அளவுகளின் வரிசைகள் மட்டுமே. அவற்றைப் பின்னிருந்து முன்னாகத் திருப்புவார். சீராகப் போகும் நடையில் ஒரு சிறு துணுக்கைக் கூட்டிச் சீரைக் கலைப்பார். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே இருக்கும் லய அமைப்புகள் அவருக்கு மிகப் பிரியமானவை. தனி ஆவர்த்தனம் கேட்டுத் தேர்ந்த காது, எங்காவது கோர்வை வந்து முடியும் என்று காத்திருக்கும். வராது. அதனால் நம்மில் லய ஞானம் உள்ளவர்களுக்கே முதலில் அதிகச் சிரமம். கையைத் தொடையிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தால் அந்த இசை நமக்குப் பிடிபடத் தொடங்கும்.

துரங்கலீலா சிம்பொனியில் தொடங்கலாம். பெயரே அந்தப் பட்டியலில் உள்ள ஒரு தாளத்தின் பெயர்தான். 1946 முதல் 1948 வரை எழுதப்பட்டு, 1949 டிசம்பரில் பாஸ்டனில் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் தலைமையில் அரங்கேறியது. பத்துப் பகுதிகள், ஏறக்குறைய 80 நிமிடம். முதல் பகுதியிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டாம். ஆறாவதை முதலில் கேளுங்கள். தந்தி வாத்தியங்கள் மிக மெதுவாக ஒரு காதல் மெட்டை நீட்டிக்கொண்டே போக, பியானோவில் பறவைகள் கூவும். தந்திகளோடு இழையும் இன்னொரு குரல் ஓந்த் மார்த்தெனோ. மோரிஸ் மார்த்தெனோ 1928இல் உலகுக்குக் காட்டிய மின்னிசைக் கருவி அது. விரலில் மாட்டிய வளையத்தை நகர்த்தினால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும். கமகம் பழகிய காதுக்கு அது அந்நியமாகப் படாது. பிறகு ஐந்தாம் பகுதி: முழு இசைக்குழுவும் ஆனந்தக் கூத்தாடும். அதன் பிறகு முதலிலிருந்து கேட்டால், டிராம்போன்கள் முழங்கும் கனத்த 'சிலை' மெட்டையும் இரண்டு கிளாரினெட்டுகள் மெல்ல வாசிக்கும் 'பூ' மெட்டையும் அவை மீண்டும் மீண்டும் வரும் இடங்களில் அடையாளம் காண முடியும்.

இந்தச் சிம்பொனியின் இனிப்பு பலருக்குத் திகட்டியது. அவருடைய மாணவர் பியர் பூலேஸே கடுமையாகப் பழித்தார். எங்கள் கருத்து வேறு. காதலைச் சொல்ல வந்தவர் வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறார். கேட்பவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது 1956இல் அரங்கேறிய 'அயல்நாட்டுப் பறவைகள்'. கால் மணி நேரம்தான். வயலின் வகை ஒன்றுகூடக் கிடையாது. பியானோ, ஊது கருவிகள், தாளக் கருவிகள் மட்டும். மலை மைனாவும், சோலைபாடி என்று நாம் சொல்லும் ஷாமாவும் அமெரிக்கப் பறவைகளோடு சேர்ந்து கத்துகின்றன. எந்தக் காட்டிலும் இப்படியொரு கூட்டம் கூடியிருக்காது. முதல் முறை பறவைகளைக் கேளுங்கள். மறுமுறை அவற்றுக்கு அடியில் ஓடும் தாளக் கருவிகளைக் கேளுங்கள்: கிரேக்க யாப்பின் அசைகளும் தேசி தாளங்களும் அங்கேதான் இருக்கின்றன. இந்த வழி பிடித்தவர்கள் 1960இல் வந்த 'க்ரோனோக்ரோமி'க்குப் போகலாம். அதன் ஒரு பகுதியில் 18 தந்தி வாத்தியங்கள் ஆளுக்கொரு பறவையாய் ஒரே நேரத்தில் பாடுகின்றன. பாரிஸ் அரங்கில் கூச்சல் எழுந்தது அதற்குத்தான்.

இரு உலகப் போர்களில் மாண்டவர்களுக்காக அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கேட்டு, 1964இல் எழுதப்பட்டது 'எட் எக்ஸ்பெக்டோ'. மெஸ்ஸியான் ஆழ்ந்த கத்தோலிக்கர். பாரிஸின் திரித்துவ ஆலயத்தில் அறுபது ஆண்டு ஆர்கன் வாசித்தவர். அந்த நம்பிக்கை நமக்கு இல்லாவிட்டாலும் இந்த இசை நம்மை விலக்குவதில்லை. பெரிய மணித்தட்டுகளின் ஒலி எழுந்து, பரவி, தேயும் வரை காத்திருக்க வேண்டும். பகுதிகளுக்கு இடையிலான நீண்ட மௌனமும் இசையில் சேர்த்திதான். தயவுசெய்து இதைச் செல்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். அதன் அடி ஒலிகள் காதுக்கு வந்தே சேராது. நல்ல ஹெட்போன் இல்லையென்றால் நண்பர் வீட்டு ஒலிபெருக்கிகளுக்கு முன் நாலு பேராகக் கூடிக் கேட்கலாம்.

துரங்கலீலாவுக்குப் பதிவுகள் பல உண்டு. முதலில் கேட்க மியுங்-வுன் சுங், பாரிஸ் பாஸ்டீல் ஓபரா இசைக்குழுவோடு 1990இல் செய்த பதிவைச் சொல்வோம். பியானோவில் மெஸ்ஸியானின் மனைவி இவோன் லோரியோ, ஓந்த் மார்த்தெனோவில் இவோனின் தங்கை ழான் லோரியோ. பதிவின்போது மெஸ்ஸியானும் உடன் இருந்தார்.