ரயில் ஏறிப் போகும் தண்டவாளம்!

தண்டவாளத்தின் மேல் ரயில் போவதைத் தினமும் பார்க்கிறோம். தண்டவாளமே ரயிலில் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா?

வரிசையாக வேகன்கள். அவற்றின் மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே நீளமாகக் கிடக்கும் இரும்பு. வளைவு வந்தால் அதுவும் ரயிலோடு சேர்ந்து வளையும். முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்!

சத்தீஸ்கரில் உள்ள பிலாய் உருக்காலையில் 130 மீட்டர் நீளத் தண்டவாளம் ஒரே துண்டாகத் தயாராகிறது. இரண்டை வெல்டிங் செய்து இணைத்தால் 260 மீட்டர். கிட்டத்தட்ட 11 பயணிகள் பெட்டிகளின் நீளம்! மீட்டருக்கு 60 கிலோ என்று வைத்தால், ஒரு தண்டவாளமே 15,600 கிலோ.

ஏன் இந்த வம்பு, வெட்டி எடுத்து வரலாமே என்று தோன்றும். 13 மீட்டர் துண்டுகளாகக் கொண்டுவந்தால், இதே நீளத்துக்கு 19 இணைப்புகள் போட வேண்டும். இணைப்புதான் தண்டவாளத்தின் பலவீனமான இடம். அது குறையக் குறைய நம் பயணம் பத்திரம்.

சரி, இவ்வளவு கனத்தை எப்படிக் கட்டுகிறார்கள்? ஒவ்வொரு வேகனிலும் இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்றுதான் நினைப்போம். அதுதான் ஆபத்து!

கோயில் பிராகாரத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கிறார்கள். திருப்பத்தில் உள்பக்கம் நடப்பவருக்குத் தூரம் குறைவு; வெளிப்பக்கம் நடப்பவருக்கு அதிகம். வேகனிலும் அப்படித்தான். 500 மீட்டர் ஆரமுள்ள வளைவில், 2 மீட்டர் இடைவெளியில் கிடக்கும் இரண்டு தண்டவாளங்களின் பாதையில் ஏறக்குறைய 1 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். நகர இடமில்லாமல் எல்லா வேகனிலும் கட்டியிருந்தால், கட்டு தெறிக்கும். அல்லது வேகனே இழுபட்டுத் தடம் புரளலாம்.

அதனால் நடுவில் உள்ள வேகனில் மட்டும் கிளாம்ப் போட்டுப் பிடிக்கிறார்கள். மற்ற வேகன்களில் தண்டவாளம் தாங்கிகள், உருளைகள் மேல் கிடக்கும். பக்கவாட்டில் சாயாமல் தடுப்புகள் இருக்கும். முன்னும் பின்னும் நகரச் சுதந்திரம் உண்டு. வெயிலுக்கும் இந்தச் சுதந்திரம் தேவை. வெப்பம் 30 டிகிரி ஏறினால், 260 மீட்டர் தண்டவாளம் சுமார் 9 சென்டிமீட்டர் நீளும்.

இறக்குவது இன்னும் அழகு. தண்டவாளத்தின் ஒரு முனையைத் தரையில் உள்ள பாதையோடு பிணைத்துவிட்டு, ரயிலை மெதுவாக முன்னே நகர்த்துவார்கள். தண்டவாளம் வழுக்கி இறங்கித் தன் இடத்திலேயே படுத்துக்கொள்ளும். தூக்கிப் போட்டால் மேற்பரப்பில் காயம் படும். இன்றைய சிறு காயம் நாளைக்கு விரிசலாகலாம்.

சிறிய துண்டுகள் டிரெய்லர் லாரியில் வரும். இங்கே கதை தலைகீழ். துளியும் நகரக் கூடாது! ‘இவ்வளவு கனம், எங்கே நகரப்போகுது?’ என்ற நினைப்புதான் உயிரைக் குடிக்கிறது. பிரேக் போட்டால் லாரி நிற்கும். கட்டாத இரும்பு நிற்காது. நேராக டிரைவர் கேபினுக்குள் பாயும். அமெரிக்கா, ஐரோப்பாவில் பின்பற்றும் கணக்குப்படி, சரக்கின் எடையில் 80 சதவிகித விசையோடு முன்னே தள்ளினாலும் கட்டு தாங்க வேண்டும். 10 டன் ஏற்றினால் 8 டன்னைத் தாங்கும் கட்டு!

இரும்பின் மேல் இரும்பு எளிதில் வழுக்கும். மழையோ எண்ணெயோ பட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் மரக்கட்டை வைக்க வேண்டும், அதுவும் ஒன்றின் மேல் ஒன்று நேராக. கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சரக்கு அமர்ந்து, சங்கிலி தளரும். வண்டியை நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். அவிழ்க்கும்போது, சரக்கு சரியக்கூடிய பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

தண்டவாளம் நம் வீட்டுக்கு வராது; கட்டடக் கம்பி வரும். மினி லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டு, முனையில் ஒரு சிவப்புத் துணியோடு. அந்தத் துணி யாரையும் காப்பாற்றாது. அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் சொன்னவரும் பொறுப்பு.

அடுத்த முறை கம்பி ஆர்டர் செய்யும்போது, ‘எப்போ வரும்?’ என்பதோடு ‘எந்த வண்டியில, எப்படிக் கட்டி வரும்?’ என்றும் கேளுங்கள். டூவீலரில் போகும்போது அப்படி ஒரு வண்டி முன்னால் தெரிந்தால், ஹாரன் அடித்து ஒட்டிப் போக வேண்டாம். நன்றாகப் பின்தங்குங்கள். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தால், இன்னும் கொஞ்சம்!